'யாருக்கும் சொல்லாதே சித்தி' என்று சத்தியம் வாங்கிவிட்டாள், என்ன செய்ய?

கேள்வி: என் அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவள், டியூஷன் மாஸ்டர் பல மாதமாகத் தன்னிடம் தவறாக நடந்துகொள்வதாகச் சொல்லி அழுதாள். யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அக்காவிடம் சொன்னால் குடும்ப மானம் என்று மூடிவிடுவாள். ஊருக்குத் தெரியாமல் இவளுக்குத் துணை நிற்க யாராவது இருக்கிறார்களா? (பெயர் வேண்டாம்)

பதில்: உங்கள் ஊர், பள்ளி, தெரு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் இதைப் போடுகிறேன். கடிதம் கிடைத்த அன்றே நாம் போனில் பேசிவிட்டோம். உங்களைப் போல வாய்திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் மற்ற சித்திகளும் அத்தைகளும் படிக்கட்டும் என்றுதான் இங்கேயும் எழுதுகிறேன்.

அந்தச் சத்தியத்தை உங்களால் காப்பாற்ற முடியாது. 18 வயது நிறையாத பிள்ளைக்கு, பெண்ணோ பையனோ, இப்படி நடந்தது தெரிந்தால் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டம். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அக்காவின் சம்மதம் தேவையில்லை. கடிதத்தைப் படித்துவிட்ட எனக்கும் இதே கடமைதான். அதனால் அவளிடம் பொய் சொல்லாதீர்கள். "சொல்லியே ஆக வேண்டிய ஆட்களுக்கு மட்டும்தான் சொல்வேன், யாருக்குச் சொல்கிறேன் என்று முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே கோபம் வரும், இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பாள், பரவாயில்லை.

சரி, நீங்கள் கேட்ட துணை. இருக்கிறார். சட்டத்தில் 'ஆதரவு நபர்' என்று பெயர், கோர்ட் வராந்தாவில் எல்லோரும் சப்போர்ட் பர்சன் என்றே சொல்வார்கள். போலீஸ் புகாரைப் பதிந்ததும் 24 மணி நேரத்துக்குள் மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும், அந்தக் குழுதான் இவரை நியமிக்கும். விசாரணை தொடங்கி வழக்கு முடியும்வரை அவள் பக்கத்தில் இருப்பது, அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்கும் வீட்டுக்கும் சொல்வது, தெரிந்துகொண்ட எதையும் வெளியே விடாமல் இருப்பது, இதெல்லாம் 2020-ல் வந்த போக்சோ விதிகளிலேயே எழுதியிருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: வந்தவரைப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று குழுவிடம் சொல்லலாம், ஏன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை நாள் 'வேண்டாம்' என்று அவள் சொன்னதை மதிக்காத ஒருவனிடம் மாட்டியிருந்த பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. யாரும் தானாக வரவில்லை என்றால் குழுவிடம் நீங்களே கேளுங்கள், கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். ஜீப் வாசலில் வந்து நின்றால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கத்தான் செய்யும். ஆனால் வாக்குமூலம் எங்கே கொடுப்பது என்பதை அவளே சொல்லலாம், உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். முடிந்தவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல் வர வேண்டும். அவள் நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம், அது நீங்களாகவே இருக்கலாம். இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. அவள் பெயர், படம், பள்ளி, தெரு எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். பரிசோதனை வேண்டாம் என்றாலும் சிகிச்சை தர மறுக்க முடியாது. எஃப்.ஐ.ஆர். கொண்டுவா என்று திருப்பி அனுப்பவும் முடியாது. சமீபத்தில் ஏதாவது நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் போய்விடுங்கள், சில மருந்துகளுக்கு அதுதான் கெடு. அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். அவன் அனுப்பிய மெசேஜ் இருந்தால் அழிக்க விடாதீர்கள். முக்கியமாக, மச்சானைக் கூட்டிக்கொண்டு போய் அவன் சட்டையைப் பிடிக்காதீர்கள், மெசேஜையெல்லாம் அழிக்க நீங்களே நேரம் கொடுத்ததாகிவிடும்.

கோர்ட்டில் கதவை மூடித்தான் விசாரணை. அவன் முகத்தை அவள் பார்க்க வேண்டியதில்லை, நடுவில் திரை இருக்கும் அல்லது வீடியோ வழியாகக் கேட்பார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் அவளைக் கேட்பார். எல்லா இடத்திலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். வக்கீல் நேராகக் குரலை உயர்த்தும்போது பிள்ளையின் கை துப்பட்டா நுனியைச் சுருட்ட ஆரம்பிக்கும், அப்போது "அவளுக்கு ஒரு இடைவேளை வேண்டும்" என்று எழுந்து கேட்கவும் பக்கத்தில் ஒருவர் வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும், 15100-ல் கேட்கலாம். தீர்ப்புவரை காத்திருக்காமல் இடைக்கால இழப்பீடும் கேட்கலாம்.

இதே கடிதத்தை 18 வயது முடிந்த பெண்ணுக்காக எழுதியிருந்தால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு என்றிருப்பேன். அவர்களுக்குப் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

உங்களுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, இரவு பகல் எப்போது வேண்டுமானாலும். அக்காவிடம் முதலில் நீங்கள் தனியாகப் பேசுங்கள், அவள் கத்தி முடிக்கும்வரை பிள்ளை அந்த அறையில் இருக்க வேண்டாம். 'பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று பணத்தோடு யாராவது வருவார்கள், இது பேசி முடிக்கிற வழக்கு இல்லை என்று அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அப்புறம், டியூஷன் இன்றோடு நிற்கட்டும். ஏன் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் வீட்டிலேயே படிக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள், கணக்கை நீங்களே சொல்லிக்கொடுத்தால் அது பொய்யும் இல்லை.