மாதுளைச் சாறு குடித்தவர்களில் யாருக்கு யூரோலித்தின் (குடல் பாக்டீரியாக்கள் உருவாக்கும் ஒரு சேர்மம்) உருவாகிறது என்பதை மெட்டபொலோமிக்ஸ் (உடலில் உள்ள சிறு மூலக்கூறுகளை அளக்கும் முறை) மூலம் எப்படிக் கண்டுபிடிப்பது?

மாதுளையில் உள்ள புனிகாலஜின் என்ற பாலிஃபீனாலையே சிறுநீரில் தேடினால் கிடைக்காது. அது குடலில் எலாஜிக் அமிலமாக உடைகிறது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை யூரோலித்தின்களாக மாற்றுகின்றன. அந்தப் பாக்டீரியாக்கள் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் மனிதர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஏ வகையினருக்கு யூரோலித்தின்-ஏ, பி வகையினருக்கு அதோடு ஐசோயூரோலித்தின்-ஏ, யூரோலித்தின்-பி. 0 வகையினருக்கு இவை எதுவும் வராது. எல்லோரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், பலன் இருந்தாலும் அதில் கரைந்துபோகும்.

இந்த ஆய்வுகளில் பெரிய பிழை நேர்வது கருவியில் அல்ல, மாதிரி எடுக்கும் நேரத்தில்தான். குடித்த 4 மணி நேரத்தில் சிறுநீர் பிடித்தால் ஏறக்குறைய எல்லோரும் 0 வகையாகத்தான் தெரிவார்கள். 24 முதல் 48 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். சாறு குடிப்பதற்கு முந்தைய ஒரு வாரம் மாதுளை, வால்நட், ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி கூடாது; அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களைச் சேர்க்கவே வேண்டாம்.

மாதிரிகளை -80 டிகிரியில் வையுங்கள். உருக்கி, சென்ட்ரிஃபியூஜ் செய்து, நீர்க்கச் செய்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து எல்சி-எம்எஸ்ஸில் (சேர்மங்களைப் பிரித்து நிறையை அளக்கும் கருவி) ஏற்றலாம். எல்லா மாதிரியிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலந்த கியூசி (தரக் கட்டுப்பாடு) கலவையை ஒவ்வொரு 10 மாதிரிக்கும் ஒருமுறை ஓட்டுங்கள். அதில் 30 சதவீதத்துக்கு மேல் அலைபாயும் சிக்னல்களை நீக்கிவிடலாம். குடிப்பதற்கு முந்தைய மாதிரிகளை முதலிலும் பிந்தையவற்றைக் கடைசியிலும் ஓட்டாதீர்கள். கருவியின் உணர்திறன் நேரம் போகப்போகச் சரிவது சாற்றின் விளைவு போலத் தோன்றும்.

யூரோலித்தின்-ஏ நெகட்டிவ் மோடில் (எதிர்மின் அயனிகளை அளக்கும் முறை) 227.03 என்ற நிறை-மின்னூட்ட விகிதத்தில் (m/z) வரும். ஆனால் சிறுநீரில் பெரும்பகுதி, உடல் குளுக்குரோனிக் அமிலத்தை இணைத்த குளுக்குரோனைடாக (403.07), கொஞ்சம் சல்ஃபேட்டாக (306.99) இருக்கும். குளுக்குரோனைடு, கருவியில் மின்னூட்டம் தரும் பகுதியான அயனி மூலத்திலேயே உடைந்தும் 227ஐத் தரும். அந்தச் சிகரம் 403உடன் ஒரே நேரத்தில் எழுந்தால் அது தனி யூரோலித்தின் இல்லை. ஐசோயூரோலித்தின்-ஏவுக்கும் இதே நிறை என்பதால், கிரேடியன்ட் (கரைப்பான் கலவை மாறும் வேகம்) செங்குத்தாக இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பி வகையினர் சிலர் ஏ போலத் தெரியலாம். ஸ்டாண்டர்டு (தூய ஒப்பீட்டுச் சேர்மம்) ஓட்டி இரண்டும் பிரிவதை முதலில் உறுதிசெய்யுங்கள். அளவு தேவைப்பட்டால், சிறுநீரின் அடர்த்தி வேறுபாட்டைச் சரிசெய்ய, அதிலுள்ள கிரியாட்டினின் அளவால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவரை 0 என்று எழுதும் முன், அவர் சாற்றைக் குடித்தாரா என்று பார்க்க வேண்டும். குடித்த அன்றைய சிறுநீரில், எலாஜிக் அமிலத்திலிருந்து உடல் உருவாக்கும் டைமெத்தில் எலாஜிக் அமில குளுக்குரோனைடு (505.06) பெரும்பாலானோருக்கு வரும். அது இருந்து யூரோலித்தின் வராவிட்டால்தான் அவரை 0 என்று நம்பி எழுதலாம்.