மாமரத்தடியில் புல் பட்டுப்போகிறதா? மருந்துப் புட்டியைத் திறக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "செப்டம்பரில் புல் வெட்ட வந்தவர் எல்லாவற்றையும் தரையோடு வழித்துவிட்டு, பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) வந்த கறுப்பு மண்ணை வாங்கிப் பரப்பச் சொன்னார். இப்போது மாமரத்தடியில் திட்டுத்திட்டாகச் சொட்டை. நடுவில் பளபளவென்று ஒரு புல் மட்டும் கிடுகிடுவென வளர்கிறது. புழு என்கிறார்கள். என்ன மருந்து அடிப்பது?"

எதையும் அடிக்காதீர்கள், அம்மா. முதலில் அந்தப் பளபளப்புப் புல்லில் ஒன்றைப் பிடுங்கி, அடித்தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். உருளாமல் மூன்று முனை தட்டுப்பட்டால் அது கோரை. அந்த இடத்தைத் தோண்டினால் புளியங்கொட்டை அளவில் கறுப்புக் கிழங்கு இருக்கும். அதிலிருந்து நூல்போல ஒரு வேர் ஓடி, அடுத்த கிழங்கில் முடியும். பாட்டிமார் குளியல் பொடிக்கு இடித்த அதே கோரைக்கிழங்குதான். கீறி முகர்ந்தால் வாசனையே சொல்லிவிடும்.

இது அந்தக் கறுப்பு மண்ணோடு வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வருடா வருடம் ஆகஸ்ட் பிறந்தால் தெருத்தெருவாகப் பக்கிகள் 'லான் டிரெஸ்ஸிங்' (புல்தரைக்குப் போடும் மண்) என்று கூவிக்கொண்டு வருகின்றன. ஆற்றங்கரை மண்ணோ, கட்டடம் கட்டத் தோண்டிய மண்ணோ, யாருக்குத் தெரியும்? கறுப்பாக இருந்தால் சத்து என்று நம்பி வாங்குகிறோம். விற்றவர் அடுத்த வருடம் வந்து கோரைக்கும் மருந்து விற்பார். உரமும் பூச்சிமருந்தும் பதிவு எண்ணோடுதான் விற்க வேண்டும் என்று 1947-இன் 36ஆம் எண் சட்டம் சொல்கிறது. ஆனால் வாசலில் கொட்டிவிட்டுப் போகிற மண்ணை எந்த அதிகாரி வந்து பார்க்கிறார்? எத்தனை வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்! மூட்டையில் பதிவு எண் இல்லாத எதையும் வாங்காதீர்கள்.

அடுத்தது அந்த வெட்டு. டர்பனில் மர நிழலில் நிற்பது பெரும்பாலும் எல்.எம். புல். மொசாம்பிக்கின் மபூட்டோ நகரம் லொரென்சோ மார்க்கெஸ் என்றிருந்த காலத்துப் பெயர் அது. தரைக்கு மேலே தண்டை ஓடவிட்டுப் படரும் இதை ஒருபோதும் வழிக்கக் கூடாது. கிகூயு என்ற புல்லுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கு மண்ணுக்கு அடியிலும் தண்டு ஓடுகிறது. மேலே வழித்தாலும் கீழிருந்து துளிர்த்துவிடும். அதனால் வசந்தத் தொடக்கத்தில், வருடத்துக்கு ஒரே முறை, அதுவும் நல்ல வெயில் விழும் இடத்தில், அடியில் மெத்தைபோல் காய்ந்த சருகு சேர்ந்திருந்தால் மட்டும் தாழ வெட்டலாம். நிழலில் நிற்கும் கிகூயுவுக்கு இந்த விலக்கும் கிடையாது. கூலிக்கு வெட்டுகிறவர்களோ எல்லாப் புல்லையும் கிகூயு மாதிரியே வழிக்கிறார்கள். இனி உங்கள் புல்லை ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே இறக்க விடாதீர்கள். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டவும் வேண்டாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கொட்டிய மண்ணில் புல்நுனி புதைந்திருந்தால், நுனி தெரியும்வரை ரேக்கால் இழுத்து அப்புறப்படுத்துங்கள். கோரையைக் கையால் இழுத்தால் தலை மட்டும் வரும். கிழங்கு மறுபடி முளைக்கும். மழை பெய்த மறுநாள் தோட்டத்து முள்கரண்டியை ஆழமாக இறக்கி, கிழங்கோடு தூக்குங்கள். வாராவாரம் செய்யுங்கள்; ஒரு மாதம் விட்டால் புதுக் கிழங்கு கட்டிவிடும். எடுத்ததைக் கம்போஸ்ட்டில் போடாதீர்கள். அகலஇலைக் களைக்கு விற்கும் மருந்து கோரையை அசைக்காது. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தால் புல்லும் சேர்ந்து போகும்.

மழை இல்லாத வாரத்தில் 25 மில்லிமீட்டர் தண்ணீர் போதும். காலி பில்சர்ட் மீன் டின்னைப் புல்லில் வைத்து ஸ்பிரிங்க்ளரைத் திருப்புங்கள். டின்னில் இரண்டரை சென்டிமீட்டர் நின்றதும் மூடுங்கள். காலையில் பாய்ச்சுங்கள், இரவெல்லாம் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.

புல் பச்சை திரும்பியதும் எல்.ஏ.என். (சுண்ணாம்புக்கல் கலந்த அம்மோனியம் நைட்ரேட்) உரம் சதுர மீட்டருக்கு 30 கிராம் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். விடாவிட்டால் கருகிவிடும்.

சொட்டையை மூட மண் வாங்க வேண்டாம். அதே புல்லின் ஓடுதண்டைக் கணுவோடு சாண் நீளத்துக்கு நறுக்கி, சாண் இடைவெளியில் பதியுங்கள். கோரை ஓய்ந்த இடத்தில் மட்டும். மாங்காய் இறங்கிய பிறகு தாழ்ந்த கிளை இரண்டைக் கழித்துவிட்டால், காலை வெயில் அடிவரை விழும்.