வெள்ளை டிரஃபிள்: 30 கிராம் போதும், ஆனால் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: இத்தாலியில் டூரினில் மேற்படிப்பு படிக்கிறேன். நவம்பரில் அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். பக்கத்திலுள்ள ஆல்பா ஊர்ச் சந்தையில் வெள்ளை டிரஃபிள் என்ற மணமான பூஞ்சையை வாங்கி வீட்டிலேயே செய்து கொடுக்க ஆசை. எவ்வளவு வாங்கலாம், எப்படிப் பார்த்து வாங்குவது? கட்டுப்படியாகாவிட்டால் டிரஃபிள் எண்ணெய் போதுமா?

பதில்: எண்ணெய் வேண்டாம். கடைகளில் விற்கும் பெரும்பாலான டிரஃபிள் எண்ணெய்க்கு மணம் தருவது ஆய்வகத்தில் தயாரித்த 2,4-டைதயாபென்டேன் என்ற வேதிப்பொருள். அசல் வெள்ளை டிரஃபிளிலும் அது உண்டு. ஆனால் அங்கே கூடவே வேறு பல வாசனைகளும் சேர்ந்திருக்கும். தனியாக வந்தால் வெறும் நெடிதான். எண்ணெய்க் குப்பியில் மிதக்கும் சின்ன டிரஃபிள் துண்டு வெறும் பார்வைக்குத்தான்.

டிரஃபிளில் நாம் காசு கொடுப்பதே மணத்துக்குத்தான். அந்த மணமோ தோண்டிய நாளிலிருந்தே குறையத் தொடங்கும். அதனால் அம்மாவும் அப்பாவும் வந்த பிறகே சந்தைக்குப் போங்கள், சமைப்பதற்கு முதல் நாள். ஓக், பாப்லர், வில்லோ போன்ற மரங்களின் வேரோடு ஒட்டி மண்ணுக்குள் வளரும் பூஞ்சை டிரஃபிள். நாயை வைத்து மோப்பம் பிடித்துத்தான் எடுக்கிறார்கள். கறுப்பு டிரஃபிளைத் தோப்பு போட்டு வளர்க்கிறார்கள்; வெள்ளை இன்னும் அந்த அளவுக்குக் கைக்கு வசப்படவில்லை. விலை ஏறி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 100 கிராம் பல நூறு யூரோ ஆகும், மழையைப் பொறுத்து வருஷத்துக்கு வருஷம் மாறும்.

ஒருவருக்கு 8 முதல் 10 கிராம் போதும், மூன்று பேருக்கு 30 கிராமுக்குள் முடித்துக்கொள்ளலாம். பெரிய டிரஃபிளுக்குக் கிராம் விலையே கூடுதல். மணம் ஒன்றும் கூடுதல் இல்லை. சின்னதாக ஒன்றோ இரண்டோ கேளுங்கள். கையில் எடுத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால் பழசு. மூக்கருகே கொண்டுபோனால் பூண்டும் தேனும் ஈர மண்ணும் கலந்தாற்போல வரும். அமோனியா வாடை வந்தால் வைத்துவிடுங்கள். அடர்த்தியாக மண் அப்பியிருந்தால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். மண்ணுக்கும் சேர்த்துத்தான் எடை, அடியில் ஓட்டையும் இருக்கலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அங்கே எல்லோரும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சமையல் காகிதத்தில் சுற்றி, மூடிபோட்ட கண்ணாடி ஜாடியில் ஃபிரிட்ஜில் வையுங்கள். காகிதத்தைத் தினமும் மாற்றுங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள். அரிசி ஈரத்தை இழுத்துவிடும், வேண்டாம். கழுவுவதெல்லாம் சாப்பிடுவதற்குச் சற்று முன்புதான்: லேசாக நனைத்த மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தால் போதும்.

இனி சமையல். வெள்ளை டிரஃபிளை அடுப்பில் ஏற்றவே கூடாது, சூட்டில் மணம் பறந்துவிடும். அம்மா தாளிக்கக் கிளம்பினால் அன்போடு தடுத்துவிடுங்கள்! மிளகாய், வெங்காயம், மசாலா எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. அந்த ஊரில் தாயரின் என்ற மெல்லிய முட்டை நூடுல்ஸை வேகவைத்து, உப்பில்லாத வெண்ணெயில் புரட்டி, தட்டில் போட்டதும் மேலே பச்சையாகச் சீவுவார்கள். அதையே செய்யுங்கள். கொழுப்பு மணத்தைப் பிடித்துக்கொள்ளும், தட்டின் சூடு அதைக் கிளப்பிவிடும். முட்டை ஆகாதென்றால் வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு அருமையாகப் பொருந்தும். நெய் வேண்டாம், அதன் வாசனையே தூக்கலாக நிற்கும். சீவுவதற்கென்றே அங்கே கருவி விற்கிறது, சிப்ஸ் சீவும் கட்டையை மெல்லிசாக வைத்தும் சமாளிக்கலாம்.

முட்டை சாப்பிடுபவர்கள் என்றால் டிரஃபிள் இருக்கும் ஜாடியிலேயே நாலு முட்டையை ஓட்டோடு முதல் நாள் இரவு போட்டு வையுங்கள். மணம் ஓட்டைத் தாண்டி உள்ளே இறங்கிவிடும். மறுநாள் காலையில் வெண்ணெயில் பொரித்துக் கொடுங்கள், டிரஃபிளைத் தொடாமலே இன்னொரு வேளை கிடைக்கும்.