சகேயு திருப்பிக் கொடுத்தான்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் ஒருவர் சீட்டு நடத்திப் பலருடைய பணத்தைச் சுருட்டிவிட்டார். தங்கை கல்யாணத்துக்காக அம்மா கட்டி வந்த சீட்டும் அதில் போய்விட்டது. போன மாதம் அவர் ஆராதனையில் எழுந்து அழுதபடியே சாட்சி சொன்னார். தேவன் தன்னை மன்னித்துவிட்டதாகவும் சொன்னார். நீங்களும் மன்னியுங்கள் என்று போதகர் கேட்டுக்கொண்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ‘கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் அம்மாவே மன்னித்தார்களே, இது வெறும் பணம்தானே’ என்று சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள். கடவுள் இரக்கமுள்ளவர் என்றால் அம்மாவுக்கான நீதி எங்கே? அது பழைய ஏற்பாட்டோடு முடிந்துவிட்டதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் பெயரை உங்கள் அம்மாவின் வாயை அடைக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் அவர் கணவர் கிரகாமையும் இரண்டு சிறு மகன்களையும் ஜீப்போடு எரித்துக் கொன்றார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். அது அவராகவே கொடுத்த மன்னிப்பு. யாரும் அவரை ஆராதனையில் நிறுத்தி, கொடு என்று கேட்கவில்லை. மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது என்றும் அவரே சொன்னார். வழக்கு நடந்தது, தண்டனை கிடைத்தது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவருடைய மன்னிப்பு நீதியின் வழியில் குறுக்கே நிற்கவில்லை.

நீதி பழைய ஏற்பாட்டோடு முடிந்ததா என்ற கேள்வி மிகப் பழையது. பழைய ஏற்பாட்டின் கடவுள் நீதிக்காரர், இயேசு காட்டிய கடவுள் இரக்கமே உருவானவர், இருவரும் வேறு வேறு என்று இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்ற போதகர் போதித்தார். கி.பி. 144 வாக்கில் ரோமாபுரி சபை அவரை வெளியேற்றியது. ஆனால் அந்த எண்ணம் வெளியேறவில்லை, இன்றும் பல பிரசங்கங்களில் கேட்கிறேன்.

யோனாவின் புத்தகத்தைப் பாருங்கள். நினிவே, கொடுமைக்குப் பேர்போன அசீரியரின் பெருநகரம். அது அழியப்போகிறது என்று அறிவிக்க அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி யோனா. கடைசியில் கடவுள் அதற்கு இரங்கியதும் அவருக்குக் கோபம் வருகிறது. நீர் இரக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று எனக்கு அப்போதே தெரியும் என்று புகார் சொல்கிறார். அது யாத்திராகமம் 34இல் கடவுள் தன்னைப் பற்றி மோசேயிடம் சொன்ன வாக்கியம். ஆனால் யோனா பாதியைத்தான் சொல்கிறார். குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடமாட்டார் என்ற மீதியை, அதே நினிவேயைக் குறித்து நாகூம் என்ற இன்னொரு தீர்க்கதரிசி சொல்கிறார். அந்த நகரம் கி.மு. 612இல் விழுந்தது. ஒரே ஊரைப் பற்றி இரண்டு புத்தகங்கள், ஆளுக்குப் பாதி வாக்கியம். இரண்டையும் வேதாகமம் ஒருசேர வைத்திருக்கிறது, ஒன்றைக்கொண்டு இன்னொன்றை அழிக்கவில்லை. யோனாவின் காலத்தில் நினிவே தப்பியதும் அழுததால் மட்டும் அல்ல. கைகளில் உள்ள கொடுமையை விடுங்கள் என்று ராஜா கட்டளையிடுகிறான். கடவுள் அவர்களுடைய கிரியைகளைப் பார்த்தார் என்றுதான் எழுதியிருக்கிறது.

சரி, பண விஷயத்துக்கு வருவோம். லேவியராகமம் 6ஆம் அதிகாரம் கிட்டத்தட்ட உங்கள் சீட்டுக்காரருக்கே எழுதியது போல இருக்கும். நம்பி ஒப்படைத்த பொருளில் ஒருவன் ஏமாற்றினால் முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனுக்குக் கொடுக்க வேண்டும். அதோடு பலியும் கொண்டுவர வேண்டும். மனிதனுக்கான கணக்கு தீராமல் கடவுளுக்கான கணக்கு மட்டும் தனியாகத் தீராது.

புதிய ஏற்பாட்டில் இதைச் செய்து காட்டியவன், வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு. இயேசு அவன் வீட்டுக்கு எந்த நிபந்தனையும் போடாமல் போகிறார். ஊரே முணுமுணுக்கிறது. இரக்கம்தான் முதலில் வாசல்படி ஏறுகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரக்கம் உள்ளே வந்ததும் சகேயு எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப என்கிறான். அப்புறம்தான் இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு. உங்கள் சபையில் நடந்தது இந்தக் கதைதான், நடுப்பகுதி மட்டும் இல்லை.

சீட்டுக்காரரிடம் உண்மையிலேயே பணம் இல்லாமல் இருக்கலாம். சிலுவையில் தொங்கிய கள்ளனிடமும் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் இயேசுவிடம் கேட்கும் முன், நாம் செய்ததற்குத் தக்க பலனைத்தான் அடைகிறோம் என்று ஒப்புக்கொண்டான். உங்கள் சீட்டுக்காரரும் கணக்குப் புத்தகத்தையாவது திறந்து காட்டலாம்.

விசுவாசிகள் வழக்குக்குப் போகலாமா என்று 1 கொரிந்தியர் 6ஐ உங்களிடம் யாராவது நீட்டுவார்கள். அதை முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். அநியாயத்தை ஏன் சகித்துக்கொள்ளக்கூடாது என்று பவுல் கேட்பது உண்மை. அடுத்த வசனத்தில், சொந்தச் சகோதரரையே நஷ்டப்படுத்துகிறீர்களே என்று மறுபக்கத்தையும் கண்டிக்கிறார். அதற்கு முன்பே, சகோதரருக்குள் நியாயம் தீர்க்க விவேகி ஒருவன்கூட உங்களுக்குள் இல்லையா என்று சபையைப் பார்த்துக் கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது உங்கள் போதகரும் கமிட்டியும், அம்மா அல்ல. எவ்வளவு பாக்கி, மாதம் எவ்வளவு தருவார், எந்தத் தேதிக்குள் முடிப்பார் என்று எழுத்தில் கேளுங்கள். அவர்கள் கைவிரித்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள். அதில் பாவம் எதுவும் இல்லை. மன்னிப்பதா, எப்போது என்பதை அம்மாவிடமே விட்டுவிடுங்கள்.