பழைய யமஹா கிட்டாரின் வயதையும் விலையையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: மாமா வைத்திருந்த யமஹா எஃப்ஜி-180 இப்போது என்னிடம் இருக்கிறது. உள்ளே சிவப்பு லேபிள், அதில் 'நிப்பான் காக்கி' என்று போட்டிருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் 3000 ரூபாய்க்குக் கேட்கிறார். இணையத்தில் ஒருவர் இதே மாடலுக்கு ஒரு லட்சம் விலை சொல்கிறார். இது எவ்வளவு பழையது, என்ன பெறும்?

பதில்: பழைய அக்கூஸ்டிக் கிட்டார்களை வாங்கிச் சரிசெய்து வாசிப்பது எனக்குப் பிடித்த வேலை. சிவப்பு லேபிள் என்றதுமே சந்தோஷமாகிவிட்டது.

வயதை லேபிளே பெரும்பாலும் சொல்லிவிட்டது. நிப்பான் காக்கி என்பது யமஹா நிறுவனத்தின் பழைய பெயர். 1987இல்தான் யமஹா கார்ப்பரேஷன் என்று மாற்றினார்கள். ஆக, அந்தப் பெயர் உள்ள எந்தக் கிட்டாரும் அதற்கு முந்தியது. எஃப்ஜி-180 வந்தது 1966இல். சிவப்பு லேபிள் 1970களின் தொடக்கம் வரைதான், அப்புறம் பச்சை, வேறு நிறங்கள் என்று மாறிவிட்டது. உங்கள் கிட்டாருக்கு அரை நூற்றாண்டு தாண்டியாயிற்று. ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: 2016இல் எஃப்ஜி வரிசையின் 50ஆம் ஆண்டுக்காக எஃப்ஜி-180ஐ மறுபடி செய்தார்கள், 2019இல் எஃப்ஜி3, எஃப்ஜி5 என்று 'ரெட் லேபிள்' வரிசையே புதிதாக வந்தது. போனில் டார்ச்சைப் போட்டு, நடுத்துளை வழியாக லேபிளை முழுதாகப் படம் எடுத்து எழுத்தைப் படியுங்கள்.

வேறு கிட்டார் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அமெரிக்க கிட்டார் நிறுவனமான மார்ட்டின் என்றால் கவலையே இல்லை. கிட்டாருக்குள் போடும் வரிசை எண்ணை 1898இல் 8000இல் தொடங்கி வரிசையாகப் போட்டிருக்கிறார்கள், எந்த ஆண்டு எந்த எண்ணில் முடிந்தது என்ற பட்டியலும் இருக்கிறது. இன்னொரு அமெரிக்க நிறுவனமான கிப்சனில் 1960களின் எண்களை நம்பாதீர்கள். ஒரே எண் வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

இனி விலை. பழசு என்பதால் மட்டும் கிட்டாருக்கு விலை ஏறாது. எஃப்ஜி-180இன் முன்பலகை பிளைவுட், முழுப்பலகை இல்லை. துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள், மேலே தெரியும் மரக்கோடு அப்படியே கீழே இறங்காமல் அடுக்கடுக்காகத் தெரியும். அதனால் மார்ட்டின் மாதிரி விலைக்குப் போகாது. 1969க்கு முந்தைய மார்ட்டின் டி-28 என்றால் பின்பலகை பிரேசில் ரோஸ்வுட், அதற்கே தனி மதிப்பு. அந்த மரம் கிடைப்பது அரிதானபோது அவர்கள் மாறியது நம் ஈட்டி மரத்துக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் மரம் உலகின் பெயர்பெற்ற கிட்டார்களில் இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான்.

உங்கள் கிட்டாரின் விலையைத் தீர்மானிக்கப்போவது நெக், அதாவது இடது கையால் பிடிக்கும் நீளமான கழுத்துப் பகுதி. ஐம்பது வருடம் கம்பிகள் இழுத்த இழுப்பில் நெக் மெல்ல முன்னால் சாயும், பிரிட்ஜுக்கு (முன்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டு) பின்னால் பலகை உப்பும். கம்பிகளைச் சுருதிக்கு முறுக்கிவிட்டு, 12ஆவது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 2.5 மில்லிமீட்டர் என்றால் அருமை. 4ஐத் தாண்டினால் விரல் வலிக்கும். அதைக் குறைக்க சேடிலை (பிரிட்ஜின் மேல் கம்பிகள் உட்காரும் மெல்லிய துண்டு) ராவலாம், ஆனால் 12ஆவது ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் இறங்க சேடிலில் 2 மில்லிமீட்டர் போக வேண்டும். பிரிட்ஜுக்கு மேலே சேடில் அவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதா? இல்லையென்றால் நெக்கைக் கழற்றிக் கோணம் மாற்றி ஒட்ட வேண்டும். நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருகினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது நெக்கின் வளைவைத்தான் நேராக்கும், சாய்வைத் தொடாது.

இன்னொரு சோதனை: நீளமான ஸ்டீல் ஸ்கேலை ஃப்ரெட்களின் மேல் நேராக வைத்து பிரிட்ஜ் வரை கொண்டுபோங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பை ஒட்டிப் போனால் நெக் நன்றாக இருக்கிறது. மேல்விளிம்புக்குக் கீழே பிரிட்ஜில் போய் முட்டினால் சாய்ந்திருக்கிறது, விலையும் இறங்கும். பிரிட்ஜுக்கு அடியில் ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள், உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. விரிசல், தேய்ந்த ஃப்ரெட், மாற்றிய டியூனிங் கீ எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

விலைக்கு இணையத்தில் 'கேட்கும்' தொகையைப் பார்க்காதீர்கள், யார் வேண்டுமானாலும் எதையும் போடலாம். ரிவெர்ப், ஈபே தளங்களில் விற்று முடிந்தவற்றைத் தேடுங்கள். நல்ல நிலையில் உள்ள சிவப்பு லேபிள் 180 வெளிநாட்டில் சில நூறு டாலருக்குப் போகிறது. நெக் சரியாக இருந்தால் 3000 ரூபாய் மிகவும் குறைவு, கொடுக்காதீர்கள். லட்சமும் கிடைக்காது.

விற்பதாக இருந்தாலும் வார்னிஷ் அடிக்காதீர்கள், பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய பூச்சு போனால் மதிப்பு போய்விடும். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும். லேபிள், 12ஆவது ஃப்ரெட் இடைவெளி, சேடில் மூன்றையும் படம் எடுத்துப் பின்னூட்டத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.