தனி உறுப்பினரின் மூன்று சட்டமுன்வடிவுகள்: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் பகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வரும் கூட்டத்தொடரில் மூன்று சட்டமுன்வடிவுகளைக் கொண்டுவர விரும்புகிறார். பழைய வீடுகளைப் பாதுகாப்பது, ஊரணிகளை மீட்பது, ஆத்தங்குடிக் கல் எனப்படும் கைவினைத் தரை ஓடு செய்யும் தொழிலாளர் நலம் ஆகியவையே அவற்றின் பொருள். சட்ட வரைவுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த வரைவுகளைப் படித்தபின் அவை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

அமைச்சர் அல்லாதவர் கொண்டுவரும் சட்டம் நிறைவேறுமா? (தேவகோட்டை வாசகர்)

கொண்டுவர உரிமை உண்டு, நிறைவேறுவது அரிது. அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும், அவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவரே ஆனாலும், தனி உறுப்பினர்தான். நாடாளுமன்றத்தில் இதுவரை 14 தனி உறுப்பினர் மசோதாக்களே சட்டமாகியுள்ளன. 1970-க்குப் பின் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்த உழைப்பு வீண்போவதில்லை. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015-இல் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவையில் நிறைவேறாமல் போனது; ஆயினும் அதன்பின் அப்பொருளில் ஒன்றிய அரசே 2019-இல் சட்டம் இயற்றியது. நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இருந்தபோது தொடங்கிய தேவதாசி முறை ஒழிப்பு முயற்சி, அவர் 1930-இல் பதவி விலகிய பின்னும் ஓயாமல், 1947-இல் முழுமையான தடைச் சட்டமாயிற்று.

எங்கள் வீட்டுக்கு இருபத்திரண்டு பங்கு. ஒரு பங்காளி தம் பங்கென்று தேக்குத் தூண்களைப் பெயர்த்து விற்கப் பார்க்கிறார். இந்தச் சட்டம் வந்தால் தடுக்க முடியுமா? (கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்)

ஆச்சி, மூன்று வரைவுகளில் என் மனத்தை அதிகம் தொட்டது இதுவே. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் சாத்தி வைத்திருக்கும் நிலைகளையும் தூண்களையும் பார்க்கும்போதெல்லாம், அவை எந்த முகப்பில், எந்தப் பட்டாலையில் நின்றவையோ என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

வரைவில் இரண்டு பிரிவுகள் உங்களுக்குப் பொருந்தும். முதலாவது, மரபு வீடு என்று அறிவிக்கப்பட்டதை முன் அனுமதியின்றிப் பிரிக்கக் கூடாது என்பது. தொன்மைச் சின்னங்கள், தேசிய முக்கியத்துவம் பெற்றவை நீங்கலாக, அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 12-ஆம் இனமாக இருப்பதால், இதற்குப் பேரவைக்கு அதிகாரம் உண்டு. 2012-ஆம் ஆண்டின் மரபுரிமை ஆணையச் சட்டமும் இருக்கிறது. ஆகவே புதுச்சட்டத்தைவிட, அதில் குடியிருப்பு வீடுகளுக்கென ஓர் அத்தியாயம் சேர்க்கும் திருத்தமே நல்லது என்பது என் கருத்து.

இரண்டாவது, பங்கை விற்பவர் முதலில் மற்றப் பங்காளிகளிடம் கேட்க வேண்டும் என்பது. வாரிசுரிமையும் பாகப்பிரிவினையும், ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் உள்ளவை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, முதல் வகுப்பு வாரிசுகளுக்குள் (மகன், மகள், மனைவி, தாய் போன்றோர்) இத்தகைய முன்னுரிமையை ஏற்கெனவே தருகிறது. மூன்று தலைமுறை தாண்டிக் கிளைத்த பங்காளிகளுக்கு அது போதாது. ஒன்றியச் சட்டத்தோடு மோதும் இடத்தில் அரசமைப்பின் 254-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அது நடவாத காரியமன்று. மகள்களுக்கும் பிறப்பால் சொத்துரிமை தந்த தமிழ்நாட்டின் 1989 திருத்தம், ஒன்றிய அரசு 2005-இல் அதைச் செய்வதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே வந்தது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வரைவு தடையை மட்டும் பேசுகிறது. பராமரிப்புக்கு உதவி தருவதாக இல்லை. ஒழுகும் ஓடுகளை மாற்றவும் சுண்ணாம்புப் பூச்சைச் சீர்செய்யவும் வழியில்லாத குடும்பத்திடம் விற்காதே என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. ஆனால் மாநில அரசின் தொகுப்பு நிதியிலிருந்து செலவு செய்ய வேண்டிய சட்டமுன்வடிவை, அரசமைப்பின் 207-ஆவது பிரிவின்படி ஆளுநரின் பரிந்துரையின்றிப் பேரவை நிறைவேற்ற முடியாது. அந்தப் பரிந்துரை அமைச்சரவையின் அறிவுரைப்படியே வருவது. எனவே உறுப்பினர் அரசிடம் முன்கூட்டிப் பேசிவிட வேண்டும்.

கண்மாய்க்கு 2007 சட்டம் இருக்கும்போது ஊரணிக்குத் தனிச்சட்டம் எதற்கு? (பள்ளத்தூர் விவசாயி)

அந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள நீர்நிலைகளுக்கானது. ஊராட்சிப் பொறுப்பில் உள்ள ஊரணிகளும் அவற்றுக்கான வரத்துக்கால்களும் அதற்குள் வருவதில்லை. வரைவு இந்த இடைவெளியைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

கல் தொழிலாளர்களுக்கு என்ன கிடைக்கும்? (ஆத்தங்குடி வாசகர்)

தம்பி, 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நலவாரியங்கள் உள்ளன. பதிவை ஊரிலேயே செய்ய ஏற்பாடு கேட்பது, புதுச்சட்டத்துக்குக் காத்திருப்பதைவிட விரைவில் பலன் தரும்.

கூட்டத்தொடர் முடிந்தால் சட்டமுன்வடிவு காலாவதியாகுமா? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

ஆகாது. கூட்டத்தொடரை ஆளுநர் முடித்துவைப்பதால் நிலுவையில் உள்ள சட்டமுன்வடிவு காலாவதியாவதில்லை என்று அரசமைப்பின் 196-ஆவது பிரிவு சொல்கிறது. பேரவை கலைந்தால்தான் அது போய்விடும். தமிழ்நாட்டில் 1986 முதல் மேலவை இல்லாததால், பேரவையில் நிறைவேறியது நேரே ஆளுநரிடம் செல்லும்.

நாங்கள் எந்த வகையில் உதவலாம்? (கோட்டையூர் வாசகர்)

ஆதரவுக் கடிதம் மட்டும் போதாது. உங்கள் ஊரில் பிரிக்கப்பட்ட வீடுகள், எஞ்சியவை, ஒவ்வொன்றின் பங்கு எண்ணிக்கை, ஊரணியின் புல எண் ஆகியவற்றை எழுதி உறுப்பினரிடம் கொடுங்கள். பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் ஒரு படி அனுப்பலாம். கானாடுகாத்தான் ஆச்சி தம் வீட்டின் பங்கு விவரத்தோடு இதைத் தொடங்கிவைத்தால், மற்ற ஊர்க்காரர்கள் எழுதுவதற்கு அது மாதிரியாக அமையும்.