மர நிழலில் செங்காந்தள்: கேள்வி பதில்

கேள்வி: மாமரத்தடியில் செங்காந்தள் வைத்திருக்கிறேன். கொடி தளதளவென்று ஏறுகிறது, ஒரு மொட்டுகூட இல்லை. ஏன்?

பதில்: நிழல் அடர்த்தியாக இருக்கும். இது காட்டோரத்துக் கொடி. அடிப்பக்கம் புதர் நிழலில் குளுமையாக இருக்கும், நுனி மேலே ஏறி வெளிச்சத்தைத் தேடிக்கொள்ளும். தாழ்ந்த கிளைகளைக் கழித்து, காலை வெயில் கொடியின் மேல் விழும்படி செய்யுங்கள். முடியாவிட்டால் அடுத்த பருவத்தில் கிழங்கை மர நிழலின் ஓரத்துக்கு மாற்றி நடுங்கள். பந்தல்கால் போலத் தடித்த கம்பு ஊன்ற வேண்டாம். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. அதனால் மெல்லிய மிலாறைத்தான் சுற்றிப் பிடிக்க முடியும்.

கேள்வி: கிழங்கை எப்படி நடுவது?

பதில்: படுக்கை வசமாக, 5 முதல் 7 செ.மீ. ஆழத்தில். கிழங்கு இரண்டு கிளையாகப் பிரிந்திருக்கும். முளை அந்தந்தக் கிளையின் நுனியில் மட்டுமே உண்டு; அது ஒடிந்தால் அந்தக் கிளை வீண். கையுறை போட்டு, பதமாக எடுங்கள். மணலும் மக்கிய இலையும் கலந்த, தண்ணீர் தேங்காத மண் நல்லது.

கேள்வி: பூத்து முடிந்ததும் கொடி காய்ந்துவிட்டது. செத்துவிட்டதா?

பதில்: இல்லை, கிழங்கு உறங்குகிறது. தண்ணீரை நிறுத்திவிடுங்கள். உறங்கும்போது ஈரம் இருந்தால் அழுகிவிடும். மழை தொடங்கினால் தானே முளைக்கும்.

கேள்வி: பூக்கிறது, காய் பிடிக்கவில்லையே?

பதில்: பூவை அருகில் பாருங்கள். மகரந்தத்தை ஏற்கும் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தப்பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் மகரந்தம் தானாக அதில் படுவது அரிது. விதைக்காகப் பயிரிடும் விவசாயிகள் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். நீங்களும் செய்யலாம். ஆனால் விதையிலிருந்து வரும் செடி பூக்கச் சில ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: காட்டில் நிறையக் கிடக்கிறது. தோண்டிவரலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் அருகிவிட்டது. வளர்ப்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. வளர்க்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். செடி முழுக்கக் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். வேகவைத்தாலும் போகாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. யாராவது வாயில் போட்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கச் சில மணி நேரம் ஆகும், அதுவரை காத்திருக்கவே கூடாது.